ஒரே நாளில் சைக்கிள், மலை ஓட்டம், பாறை முகடு: திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கணவாய்க்காற்று:

வணக்கம். கோடையில் ஒரே நாளில் முடிக்க ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். துணைக்கு இன்னொருவர் உண்டு.

900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 2500 மீட்டர் கணவாய் வரை தார்ச்சாலை, 22 கி.மீ., ரோடு சைக்கிள். அங்கே சைக்கிளை வைத்துவிட்டு 8 கி.மீ. ஒற்றையடிப் பாதையில் ஓட்டம், 3100 மீட்டரில் முகட்டின் அடி. அங்கிருந்து பாறை முகட்டில் 3500 மீட்டர் உச்சி. பாறையேற்றக் கடின அளவில் பெரும்பாலும் 2ஆம் கிரேடு (கையும் ஊன்றி ஏறுவது), மூன்று இடங்களில் 3ஆம் கிரேடு (அதைவிடக் கடினம்). வந்த வழியே திரும்புதல். காலை 5 மணிக்குக் கிளம்பி மாலை 5-க்குள் ஊர் திரும்ப நினைக்கிறேன்.

சைக்கிளில் முன்னால் 50, 34 பல் சக்கரங்கள் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். நானும் சைக்கிளும் சுமையும் சேர்த்து 90 கிலோ. கேட்க விரும்புவது: நேரக் கணக்கு சரியா? கியர் போதுமா? சைக்கிள் ஷூ, ஓட்ட ஷூ, பாறைக்கு ஒன்று என்று மூன்று ஜோடி சுமக்காமல் என்ன செய்யலாம்? ஹெல்மெட் ஒன்றே போதுமா?

முகட்டுநடை:

நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் திட்டத்தில் திருத்த வேண்டிய முதல் விஷயமே அதுதான்.

சாலை 3 மணி நேரம், கணவாயில் உடை மாற்ற 20 நிமிடம், ஓட்டம் 1 மணி 40 நிமிடம், முகட்டடியில் ஹார்னெஸ் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டை) மாட்ட 15 நிமிடம், ஏற்றம் 2 மணி, இறக்கம் 2 மணி. திரும்பும் ஓட்டம் 1 மணி 15 நிமிடம், சாலை இறக்கம் 45 நிமிடம், நடுவே கழற்றி மாட்ட 35 நிமிடம். 5 மணிக்குக் கிளம்பினால் 4:50-க்கு ஊரில் இருப்பீர்கள். தாளில் பார்த்தால் கச்சிதம். ஆனால் இதே கணக்கில் உச்சி 12:15, முகட்டை விட்டு இறங்குவது 2:15. கோடையில் மலை மேல் மேகம் திரண்டு இடி இறங்கும் நேரத்தில் நீங்கள் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பாறை மேல் நிற்பீர்கள். கீழே இறங்கவும் 2 மணி நேரம் வேண்டும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். நண்பகல் 12-க்கு முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 10-க்குள் உச்சி, 7:30-க்கு முகட்டடி, 5:30-க்குக் கணவாய், ஊரிலிருந்து 2:30-க்குக் கிளம்ப வேண்டும். இருட்டில் 3 மணி நேரம் சாலை ஏறுவது பிரச்சினை இல்லை, விளக்கு இருந்தால் போதும். வெயில் இல்லாததால் வியர்வையும் குறையும். முகட்டடிக்குப் போகும் வழியில் கல் விழும் ஓடை ஏதாவது குறுக்கிட்டால் அதற்கும் இந்த நேரம்தான் நல்லது. இரவில் உறைந்த பனி பிடித்துவைத்திருக்கும் கற்கள் வெயில் பட்டதும் கழன்று விழ ஆரம்பிக்கும்.

இந்த நேரங்களில் இரண்டு இடத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். ஒன்று ஓட்டம். மலையேறுபவர் நெய்ஸ்மித் நடை நேரத்துக்கு 1892-ல் சொன்ன விதி: மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி. 8 கி.மீ.க்கும் 600 மீட்டருக்கும் 2 மணி 36 நிமிடம் வருகிறது. அது ஓய்வே எடுக்காமல் நடப்பவருக்கு. நீங்கள் ஓடுபவர்தான், ஆனால் அது 3 மணி நேரம் மிதித்த கால். 1:40-க்குக் கீழே போடாதீர்கள். செங்குத்தான இடங்களில் ஓடாமல் கையை முழங்காலுக்கு மேல் ஊன்றி வேகமாக நடங்கள். வேகம் கிட்டத்தட்ட அதேதான், மூச்சு மிச்சம்.

இரண்டாவது, முகட்டு இறக்கம். பாறையில் இறங்குவதற்கு ஏறிய நேரமே ஆகும், சிலசமயம் கூடும். கால் வைக்கும் பிடி கண்ணுக்குத் தெரியாது; 3ஆம் கிரேடு இடங்களில் பாறையைப் பார்த்துத் திரும்பி இறங்க வேண்டும் அல்லது கயிற்றில் இறங்க வேண்டும்.

திரும்பும் நேரத்தை எழுதிவைத்துக்கொண்டு போங்கள்: 10:15. எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்கு எதிரே இருக்கும்போது இது கடினம் என்று தெரியும். கோரான் க்ரோப் 1995 அக்டோபரில் சுவீடனிலிருந்து சைக்கிளில் கிளம்பி நேபாளம் வந்து, செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் ஏறப் போனார். 1996 மே மாத முதல் முயற்சியில் உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் இருக்கும்போது, நேரமாகிவிட்டது என்று திரும்பினார். மே 23 அன்று மறுபடி போய் ஏறினார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்து வந்தவரே 100 மீட்டரை விட்டுக்கொடுத்தார். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இடி கேட்டால்: மின்னலுக்கும் ஓசைக்கும் இடையே 30 நொடிக்குள் இருந்தால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. முகட்டின் உச்சிக்கோட்டை விட்டு உடனே பக்கவாட்டில் இறங்குங்கள். பாறைப் பொந்தின் வாயில் ஒதுங்கக் கூடாது. பாறை வழியாக ஓடும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும். சுருட்டிய கயிறு அல்லது பை மேல், கால்களைச் சேர்த்து, குந்தி உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மறுபடி மேலே போகக் கூடாது.

இரும்புக்குதிரை:

கியரிலிருந்து தொடங்குகிறேன். 34/28 போதாது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 9 கி.மீ. போகும். உங்கள் 90 கிலோவை அந்த வேகத்தில் 10 சதவீதச் சரிவில் ஏற்ற 240 வாட் வேண்டும். அதை 3 மணி நேரம் அங்கங்கே கொடுத்துவிட்டு ஓடப் போனால் தொடை செத்துவிடும். பின்னால் 34 பல் வரை உள்ள கேசட் (பல்சக்கரத் தொகுதி) போட்டால் அதே 60 சுற்றுக்கு 7.5 கி.மீ., 10 சதவீதத்தில் 195 வாட், சராசரிச் சரிவான 7 சதவீதத்தில் 150 வாட்டுக்குள். 22 கி.மீ.க்கு அதே 3 மணி நேரம்தான் ஆகிறது. மாற்றும் முன், பின்னால் செயினைக் கியர் மாற்றும் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று அதன் அளவுப் பட்டியலில் பாருங்கள். குட்டைக் கூண்டு டீரெய்லர் பெரும்பாலும் தாங்காது. செயினும் சில கண்ணி நீளமாக வேண்டும். பழைய செயினோடு பின்னால் பெரிய பல்லுக்கும் முன்னால் பெரிய செயின்ரிங்குக்கும் ஒருசேரப் போனால் டீரெய்லர் பிய்ந்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். அந்த நாளின் மிக ஆபத்தான 45 நிமிடம், என் கணக்கில், முகட்டில் இல்லை. கடைசிச் சாலை இறக்கத்தில்தான். பாறையைப் பிடித்துப் பிடித்து முன்கை வீங்கியிருக்கும், விரல் மரத்திருக்கும், தலை அசந்திருக்கும். 1600 மீட்டர் இறங்கும்போது 90 கிலோ விடும் ஆற்றல் 1.4 மெகாஜூல். 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் காற்றுத்தடை எடுத்துக்கொண்டது போக மீதி முழுக்க உங்கள் இரண்டு டிஸ்கில்தான் போய்ச் சேரும்.

பயந்துகொண்டு லீவரை லேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் மிக மோசமான முறை. ரோட்டருக்கு, அதாவது டிஸ்குக்கு, ஆற ஒரு நொடியும் கிடைக்காது. நேர்ப்பாதையில் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பைக் காற்றுக்குக் கொடுங்கள். இந்தச் சரிவில், இந்த எடைக்கு, 50 கி.மீ. வேகத்தில் பாதிக்கு மேல் காற்றே வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள். பிடி, விடு. வளைவுக்குள் பிரேக் தொடக் கூடாது. சாலை ஈரமாகவோ நெரிசலாகவோ இருந்து அந்த வேகம் போக முடியாவிட்டால், ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கத்துக்கும் நின்று இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

எதனால் செயலிழக்கும் என்று தெரிந்தால் அறிகுறியும் தெரியும். ரெசின் (பிசின்) வகை பிரேக் பேட் அளவு மீறிச் சுட்டால் மேற்பரப்பு கண்ணாடி போல ஆகிவிடும். லீவர் கெட்டியாக இருக்கும், ஆனால் நிற்காது, கீச்சென்று கத்தும். உலோகப் பேட் வெப்பம் தாங்கும், நீண்ட இறக்கத்துக்கு அதையே போடுங்கள். லீவர் கெட்டியாக இல்லாமல் மெத்தென்று கைப்பிடி வரை வந்தால் காலிப்பருக்குள் (பேட்களைத் தாங்கும் பகுதி) பிரேக் திரவம் கொதித்து ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். டாட் வகைத் திரவம் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 4-க்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கும். இன்னொரு வகையான மினரல் ஆயில் ஈரம் உறிஞ்சாது, ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் கலக்காமல் அடியில், அதாவது காலிப்பரில், தங்கும். அது 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஆக எந்த வகையானாலும் இந்தப் பயணத்துக்கு முன் திரவத்தை மாற்றிக் காற்று எடுத்துவிடுங்கள். வழியில் லீவர் மெத்தென்று ஆனால் உடனே நின்று ஆறவிட வேண்டும். ரோட்டர் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

ரோட்டர் தடிமனும் பாருங்கள். பல ரோட்டர்கள் புதிதில் 1.8 மி.மீ., 1.5 ஆனால் மாற்ற வேண்டும். அந்த அளவை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். முன்னால் 160 மி.மீ. இருந்தால் போதும். 140 என்றால் 160-க்கு மாற்றுவது நல்லது, உங்கள் ஃபோர்க் அனுமதித்தால்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். கணவாயில் 5 டிகிரி இருந்தால் 50 கி.மீ. வேகத்தில் உடம்புக்கு மைனஸ் 1 போல இருக்கும். விரல் மரத்தால் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. முழுவிரல் கையுறை ஒரு ஜோடி நனையாமல் சைக்கிளோடு கணவாயிலேயே இருக்கட்டும். லீவரைக் கைப்பிடிக்கு ஒரு சுற்று நெருக்கமாக வைத்துக்கொண்டால் களைத்த விரலுக்கு எட்டும்.

கல்லும்கயிறும்:

ஷூ: ஒரே ஜோடி. சிறு ஊசிகள் பதித்த ஃபிளாட் (தட்டை) பெடல் மாட்டி, பாறைப்பிடிப்பு ரப்பர் உள்ள ஷூவை மூன்றுக்கும் போடுங்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவால் சாலையில் கிடைக்கும் லாபத்தைவிட, இரண்டாவது ஜோடியைச் சுமப்பதும் கணவாயில் மாற்றுவதும் அதிக நஷ்டம். இங்கே 8 கி.மீ. ஓட்டம் இருப்பதால் கனமான அப்ரோச் ஷூ (பாறை வரை நடப்பதற்கானது) வேண்டாம். அடியில் 4 முதல் 5 மி.மீ. உயர ரப்பர் கட்டைகள் உள்ள மலை ஓட்ட ஷூவில், பெருவிரல் முனையில் கட்டையில்லாமல் வழவழவென்று ஒரு பட்டை இருக்கும் வகை உண்டு. சிறு விளிம்பில் நிற்க அந்தப் பட்டைதான் உதவும். அளவில் ஒரு முரண் வரும். இறக்கத்தில் ஓட விரல் முன்னால் இடம் வேண்டும், பாறையில் நிற்க இறுக்கம் வேண்டும். ஓட்டத்துக்கு உரிய அளவே வாங்கி, மேல்துளையில் கயிற்றை வளையமாக்கி மறுபக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் ஒட்டிக்கொள்ளும், விரல் முன்னால் இடிக்காது. முகட்டடியில் ஒருமுறை, திரும்பி ஓடும் முன் ஒருமுறை, மறுபடி இறுக்குங்கள்.

ஹெல்மெட்: ஐரோப்பியத் தரப்படி சைக்கிள் ஹெல்மெட் இ.என். 1078, மலையேற்ற ஹெல்மெட் இ.என். 12492. முதலாவது கீழே விழுந்து தலை மோதுவதற்கு. மேலிருந்து விழும் கூர்மையான கல் துளைக்கிறதா என்ற சோதனை அதில் கிடையாது, காற்றோட்டத் துளைகளும் பெரிது. மலையேற்ற ஹெல்மெட்டில் அந்தச் சோதனை உண்டு, ஆனால் சாலையில் விழுவதற்கு அது சோதிக்கப்படவில்லை. இரண்டு தரமும் அச்சிட்ட ஹெல்மெட்டுகள் இருக்கின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் வில்லையில் இரண்டு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு ஹெல்மெட். மலையேற்றத்துக்கானது 250 கிராம்தான், பையின் வெளியே கட்டிக்கொள்ளலாம்.

கயிறு: 30 மீட்டர் டைனமிக் (இழுபட்டு நீள்வது), சிங்கிள் (ஒற்றையாகப் பயன்படுத்துவது) என்று தரம் குறித்தது. 6 மி.மீ. இழுபடாக் கயிறு கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும், அவ்வளவு லேசு. அது பனிப்பிளவிலிருந்து இழுக்கவும் ராப்பெல்லுக்கும் (கயிற்றில் இறங்குதல்) உரியது. முன்னால் ஏறுபவர் விழுந்தால் அது நீண்டு அதிர்ச்சியை வாங்காது. மொத்த அடியும் உடம்புக்கும், கயிற்றைப் பாறையில் கட்டியிருக்கும் ஆங்கருக்கும் போகும். 30 மீட்டரை இரட்டையாகப் போட்டால் 15 மீட்டர்தான் ராப்பெல் இறங்க முடியும். மூன்று 3ஆம் கிரேடு இடங்களும் அதற்குள் அடங்குகின்றனவா என்று ஏறும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுனியிலும் முடிச்சு போடாமல் இறங்காதீர்கள். கூடவே 120 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) நான்கு, பாறை இடுக்கில் செருகும் நடுத்தர அளவு நட் நான்கைந்து, காரபைனர் (கொக்கி) எட்டு. இந்த முகட்டுக்கு அது போதும். பாறை முனைகளில் ஸ்லிங்கை மாட்டுவதே பெரும்பாலான பாதுகாப்பு. மாட்டும் முன் முனையை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள், வெற்றொலி வந்தால் விட்டுவிடுங்கள்.

2ஆம் கிரேடு நீளத்தில் இருவரும் கயிற்றில் கட்டிக்கொண்டு, நடுவில் எதிலும் மாட்டாமல் ஒன்றாக நடப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் விழுந்தால் இருவரும் போவீர்கள். நடுவே ஏதாவது ஒன்றில் கயிறு மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கயிற்றைச் சுருட்டிவைத்துத் தனித்தனியாக ஏற வேண்டும்.

கணவாய்க்காற்று:

மிக்க நன்றி, எல்லோருக்கும். 34 கேசட்டும் ஃபிளாட் பெடலும் மாற்றிவிடுகிறேன். இரவு 2:30-க்குப் பதிலாக முந்தைய நாள் மாலையே கணவாய்க்கு மிதித்துப் போய், அங்கேயே தூங்கிவிட்டு 5 மணிக்கு ஓட ஆரம்பித்தால்? உயரத்தில் தூங்குவதால் தலைவலி வருமா? சாப்பாட்டுக் கணக்கும் தெரிந்தால் சொல்லுங்கள். சைக்கிளைக் கணவாயில் எப்படி விட்டுவைப்பது?

மூச்சுக்கணக்கு:

நல்ல யோசனை, நான் அதையே சொல்வேன். 5-க்கு ஓட ஆரம்பித்தால் 11 மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுவீர்கள், காலும் ஆறியிருக்கும்.

2500 மீட்டர் என்பது உயர நோய் தொடங்கும் விளிம்பு. முன்பு உயரத்தில் நோய் வந்ததில்லை என்றால், ஒரு இரவுக்கு ஆபத்து குறைவு. மாத்திரை தேவையில்லை. முதல் இரவு தூக்கம் அரைகுறையாகத்தான் இருக்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். உயரம் ஏறி 6 முதல் 12 மணி நேரத்தில்தான் அறிகுறி தெரியும் என்பதால், மாலை 6-க்குப் போய்ச் சேர்ந்தால் விடிகாலை எழும்போது அது வந்திருக்க வேண்டிய நேரம். தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ மீறிய அசதியோ இருந்தால் மேலே போகக் கூடாது. வலி மாத்திரை போட்டு அடக்கிவிட்டு ஏறுவது அறிகுறியை மறைக்கும், அவ்வளவுதான். ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட்டபடி பத்தடி நடந்து பாருங்கள். தள்ளாடினால் மூளை பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். இருட்டாக இருந்தாலும், துணையோடு உடனே இறங்க வேண்டும், தனியாக சைக்கிளில் அல்ல.

3500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. கீழே பழகிய வேகத்தை மேலே தேடாதீர்கள். வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவே ஓட்டத்துக்குச் சரியான வேகம்.

சாப்பாடு: மிதிக்கும்போது மணிக்கு 60 முதல் 80 கிராம் மாவுச்சத்து, ஓடும்போது 50, முகட்டில் கை ஓயாததால் 30 உள்ளே போனாலே பெரிது. அதனால் முகட்டடியில் நிற்கும் 15 நிமிடத்தில் ஒரு நல்ல அளவு சாப்பிட்டுவிடுங்கள். உயரத்தில் பசி மங்கும், பசித்தபின் சாப்பிடலாம் என்று இருந்தால் இறக்கத்தில் கால் நடுங்கும். தொடர்ந்து இனிப்பு ஜெல்லே என்றால் நான்காவது மணியில் குமட்டும். உப்புச்சுவையாக ஏதாவது பாதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். ஃபில்டரில் வடிகட்டிக் குடிப்பதாக இருந்தால், நுண்குழாய் ஃபில்டரை இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்தால் குழாய்கள் விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது, வடிகட்டாமலேயே தண்ணீர் வரும்.

இரும்புக்குதிரை:

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தாதீர்கள். ஹைட்ராலிக் பிரேக்கின் திரவத் தொட்டியில் காற்றுக்குமிழி இருந்தால் குழாய்க்குள் இறங்கிவிடும். படுக்கவைத்தாலும் கிளம்பும் முன் நேராக நிறுத்தி ஒவ்வொரு லீவரையும் பத்துமுறை அழுத்துங்கள். கெட்டியாகாமல் சாலையில் இறங்காதீர்கள். இரண்டு சைக்கிளையும் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டி, அசையாத எதோடாவது கட்டுங்கள். வியர்வை ஊறிய கைப்பிடி நாடா, கையுறை, பட்டை இவற்றை மலை விலங்குகள் உப்புக்காகக் கடிக்கும். நாடாவைத் தண்ணீரில் துடைத்து, கையுறையைப் பைக்குள் போட்டு உயரத் தொங்கவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றிவைத்தால் பேட்களுக்கு நடுவே இடைச்செருகல் வையுங்கள்; இல்லாவிட்டால் யாராவது லீவரைத் தொட்டால் பிஸ்டன் மூடிக்கொண்டு ரோட்டர் உள்ளே போகாது.

டயர் காற்று பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1600 மீட்டர் ஏறினால் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் டயர் மானியில் 2 பிஎஸ்ஐ போலக் கூடும். விடிகாலைக் குளிர் கிட்டத்தட்ட அதே அளவு குறைத்துவிடும். அதற்காகக் காற்றை இறக்க வேண்டாம். இறங்கும் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், இரவில் மெதுவாக இறங்கிய பஞ்சர் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.